அப்டேட்: கனடா பழங்குடி நில வழக்கு, அப்பீல் போடவே அனுமதி வாங்கணும்

போன த்ரெட்ல, கனடால பழங்குடி நில உரிமை கேஸ் மாகாண அப்பீல் கோர்ட்ல தோத்தா நேரா சுப்ரீம் கோர்ட் போயிடலாம்னு எழுதிட்டேன், அது தப்பு. முதல்ல அப்பீல் போட அனுமதி கேட்டு சுப்ரீம் கோர்ட்லயே மனு போடணும், 60 நாளுக்குள்ள (ஜூலை மாசம் கணக்குல வராது, ஜட்ஜுங்களுக்கும் லீவு வேணும்ல), வாதம் மொத்தமும் 20 பக்கத்துக்குள்ள. தலைமுறை தலைமுறையா வாழ்ந்த கதைய 20 பக்கத்துல எப்படி அடக்குறது?

மூணு ஜட்ஜ் பேப்பர படிச்சே முடிவு பண்ணிடுவாங்க, நேர்ல வாதாடுறது அபூர்வம், தள்ளுபடி பண்ணா பெரும்பாலும் காரணம்கூட சொல்ல மாட்டாங்க. தீர்ப்பு தப்புன்னா மட்டும் பத்தாது, நாட்டுக்கே முக்கியமான கேள்வின்னு காட்டணும். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து பழங்குடியான சில்கோட்டின் மக்கள் நில உரிமை கேட்டு 2012ல அப்பீல் கோர்ட்ல தோத்தவங்கதான், 2013ல இந்த அனுமதி கிடைச்சுது, 2014 ஜூன்ல சுமார் 1,750 சதுர கி.மீ. அவங்களோடதுன்னு தீர்ப்பு.