சோற்றைக் குறைத்தும் இடுப்பு குறையவில்லை: நாற்பதைத் தாண்டிய சேலத்துப் பெண்களின் அனுபவங்கள்

அஸ்தம்பட்டி, 48 வயது

மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.2 என்று பரிசோதனைத் தாள் வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் நோய். நாட்டில் 13.6 கோடிப் பேர் இந்த முந்தைய நிலையில் இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொல்கிறது, அதில் நானும் ஒருத்தி. மருத்துவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சோற்றைக் குறையுங்கள் அம்மா, தினமும் நடங்கள்" என்றார். அவ்வளவுதான். எவ்வளவு நேரம் தூங்குகிறாய், வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மாமியார் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். இரவில் எழுந்து அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். பையன் பிளஸ் டூ. பகலில் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையின் அலுவலகத்தில் கணக்கு வேலை. மரவள்ளி வரத்து தொடங்கிவிட்டால் எடைச்சீட்டும் பட்டுவாடாவும் இருட்டும்வரை இழுக்கும். சோறு நான் எப்போதுமே அளவாகத்தான் சாப்பிடுகிறேன், அதுவும் பல நாள் அடுப்படியில் நின்றுகொண்டே. எடை பெரிதாக ஏறவில்லை. பாவாடை நாடாவில் முடிச்சுப் போட்டபின் தொங்குகிற நுனி மட்டும் மாதாமாதம் குட்டையாகிக்கொண்டு வந்தது. கை கால் பழையபடிதான், வயிறு மட்டும் முன்னால் போய்விட்டது. ஆசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்கு மேல் போனால் எச்சரிக்கை என்கிறார்கள். நான் அதை எப்போதோ தாண்டிவிட்டேன்.

செவிலியராக இருக்கும் என் தங்கைதான் விவரமாகச் சொன்னாள். சிறுநீரகங்களின் தலையில் குல்லாய் வைத்தது போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், பதற்றம் வந்தால் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது கல்லீரலிடம் சர்க்கரையை அவிழ்த்துவிடச் சொல்கிறது. ஓடவோ சண்டை போடவோ உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. நாம் ஓடுவதில்லை, எடைச்சீட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே பதறுகிறோம். அவிழ்த்துவிட்ட சர்க்கரை இரத்தத்திலேயே நிற்கிறது, இன்சுலினும் வரவர எடுபடாமல் போகிறது. கார்டிசால் விடியற்காலையில் ஏறி நள்ளிரவில் அடங்க வேண்டியது. தூக்கம் துண்டுதுண்டானால் அந்த ஒழுங்கும் குலைகிறது. இதோடு வயதும் சேர்ந்துகொள்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு 46, 47 வயதையொட்டி மாதவிடாய் நிற்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கி, பிறகு குறைந்துவிடும். அது இருந்தவரை தொடையிலும் இடுப்புக்குக் கீழும் தங்கிய கொழுப்பு இப்போது வயிற்றுக்குள் குடியேறுகிறது. இரண்டும் ஒரே வயதில் வந்து சேர்ந்தால் சோற்றை மட்டும் குறைத்து என்ன ஆகப்போகிறது?

என் கணவரும் நாத்தனாரும் இப்போது இரவுகளைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். சும்மா வந்துவிடவில்லை, சண்டை போட்டுத்தான் வாங்கினேன். கடைசியாகப் பார்த்தபோது 5.9. நடையும் சேர்ந்துதான் நடந்தது, எனவே தூக்கத்தால் மட்டும் இறங்கியது என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் விடிகாலையில் மார்பு படபடத்து விழிப்பது நின்றுவிட்டது. உங்களில் யாருக்காவது இப்படி உண்டா?

செவ்வாய்ப்பேட்டை, 44 வயது

உண்டு அக்கா. எங்கள் வீட்டோடு கொலுசுப் பட்டறை. வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் நின்றுவிடும், பண்டிகை நெருங்கினால் ஒரேயடியாகக் குவியும். இரண்டிலும் தூக்கம் போவது எனக்குத்தான், ஏனென்றால் கூலிக் கணக்கு என் கையில். மதியம் பசியே தெரியாது. மாலை ஐந்து மணிக்கு மேல் கை தானாகத் தட்டுவடை செட்டைத் தேடும். இரண்டு தட்டுவடைக்கு நடுவே காரட், பீட்ரூட் துருவல், காரச் சட்னி. ஒன்றோடு நின்ற நாளே கிடையாது. "வாயைக் கட்ட முடியவில்லையா?" என்று வீட்டில் கேலி. நெருக்கடி வந்த நிமிடத்தில் பசியை அடக்குகிற உடம்பு, அது நாள்கணக்கில் நீண்டால் கொழுப்பும் இனிப்புமாகக் கேட்க ஆரம்பிக்கிறது என்று படித்தபிறகு கேலிக்குப் பதில் சொல்ல முடிகிறது. மதியச் சாப்பாட்டை ஒரு மணிக்கே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். தட்டுவடையை விடவில்லை, ஒரு செட்டோடு எழுந்துவிடுகிறேன்.

ஏற்காடு, 51 வயது

மலையில் இருக்கிறவளுக்கு என்ன கவலை என்பார்கள். சுத்தமான காற்று, குளிர், காப்பித் தோட்டம். நடை குறைவு என்று என்னிடம் எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் சரிவில் ஏறி இறங்குவதே வேலை. இருந்தும் இரத்த அழுத்தம் 150/95, சர்க்கரை வேறு.

என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். வாரந்தோறும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் போய், அவர் வாந்தியெடுக்காமல் இருக்கவேண்டுமே என்று கையில் பையை வைத்துக்கொண்டே திரும்ப ஏற வேண்டும். தோட்டத்துக்குள் காட்டெருமை வந்தால் பறிக்கும் பெண்களை அனுப்பிவிட வேண்டும். அன்றைய பழம் செடியிலேயே பழுத்து உதிரும். கோடை விழா நேரத்தில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுவேன், விருந்தாளிகளின் போன் இரவு பதினொன்றுக்கும் அடிக்கும். எத்தனை படி ஏறினாலும் மனது உட்காராவிட்டால் உடம்பு எங்கே உட்காரும்? "டென்ஷன் ஆகாதீர்கள்" என்று சொல்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஒரு நாள் அவருடன் மருத்துவமனைக்குப் போய்வாருங்கள், பிறகு சொல்லுங்கள்.

ஓமலூர், கல்லூரி ஆசிரியை, 52 வயது

ஏற்காட்டு அம்மா சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் சராசரி 53 வயதுள்ள 58 பெண்களுக்கு 930 கலோரி கொண்ட கொழுப்பு நிறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். முந்தைய நாள் மன உளைச்சல் எதுவும் இல்லாதவர்களைவிட, உளைச்சல் இருந்தவர்களின் உடம்பு அடுத்த சில மணி நேரங்களில் 104 கலோரி குறைவாக எரித்தது. அவர்களின் இன்சுலினும் கூடுதலாக இருந்தது. சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதான். சிறிய ஆய்வுதான், ஆனால் "நீ அதிகம் சாப்பிடுகிறாய்" என்று வாயடைப்பவர்களுக்குப் பதிலாகச் சொல்லலாம்.

ஜங்ஷன், ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர், 61 வயது

எல்லாம் சரி, எல்லாவற்றையும் மன அழுத்தத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். காலமெல்லாம் இரத்தம் எடுத்த கை இது. "வீட்டுக் கவலை, அதனால்தான் அசதி" என்று சொல்லிக்கொண்டே வந்த எத்தனையோ பெண்களுக்குத் தைராய்டு குறைவு இருந்தது. மாதவிடாய் நிற்பதற்கு முன் அதிக உதிரப்போக்கு ஏற்பட்டு இரத்தசோகை வந்தவர்கள் அதைவிட அதிகம். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஹெச்பிஏ1சி உண்மையைவிட உயர்த்திக் காட்டக்கூடும்; எனவே ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். மூட்டு வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ எடுத்திருந்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இப்போது "கார்டிசால் டெஸ்ட்" என்று ஒன்றை முழு உடல் பரிசோதனையோடு சேர்த்து விற்கிறார்கள். ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்து உங்கள் மாமியார் தரும் மன உளைச்சலை அளக்க முடியாது. காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு, ஊசிக்குப் பயந்தால் இன்னொரு அளவு. குஷிங் நோய் போன்ற சுரப்பிக் கோளாறு என்று மருத்துவர் சந்தேகப்பட்டால்தான் அதற்கு வேலை. அப்போதும் அதற்கென்று தனி முறைகள் உண்டு. அந்தப் பணத்துக்கு வாரத்தில் ஒரு நாள் மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வையுங்கள்.

அஸ்தம்பட்டி

மாமியார் பாவம், அவர் ஒன்றும் செய்யவில்லை! ஆள் வைக்கும் யோசனையை இன்றே வீட்டில் எடுக்கிறேன். தைராய்டு நான் பார்க்கவில்லை. வெறும் வயிற்றில்தான் போக வேண்டுமா அம்மா? முடி கொட்டுகிறது என்று ஒரு மாத்திரை வேறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜங்ஷன்

வெறும் வயிறு அவசியம் இல்லை. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பயோட்டின் (முடிக்குக் கொடுக்கும் ஒரு வைட்டமின்) என்று இருந்தால் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டுப் போங்கள், அது தைராய்டு அளவை மாற்றிக் காட்டும். இரத்தம் எடுப்பவரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.