புதுப்பிப்பு: காட்டரி பவர் குறைந்த விஷயம்

ஆபரேஷன் நடுவே காட்டரி (கரண்டால் திசுவை வெட்டும் கருவி) சரியாக வெட்டவில்லை, டாக்டர் பவரைக் கூட்டச் சொல்லிக்கொண்டே இருந்தார், ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். மெஷினில் கோளாறு இல்லை. கழற்றி வைத்திருந்த பேஷண்ட் பிளேட்டை (கரண்ட் மெஷினுக்குத் திரும்ப நோயாளியின் தோலில் ஒட்டுவது) பயோமெடிக்கல் இன்ஜினியர் திருப்பிக் காட்டினார்: ஒரு ஓரம் முழுக்கத் தொடை முடி, அதன்மேல் காய்ந்த பெட்டாடின். அந்தப் பக்கம் தோலில் ஒட்டவே இல்லை.

பிளேட் அகலமாக ஒட்டினால்தான் கரண்ட் பரவித் திரும்பும். ஒட்டும் இடம் சுருங்கினால் சூடு அங்கேயே குவிந்து தோல் வெந்துவிடும். பவரைக் கூட்டுவது அதை இன்னும் மோசமாக்கும். நல்லவேளை, நோயாளிக்கு லேசான சிவப்போடு போயிற்று.

அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று பலர் கேட்டீர்கள். தோலோடு தொடர்பு குறைவதை மெஷின் கண்டுபிடிக்க, இரண்டாகப் பிரிந்த பிளேட் வேண்டும். எங்களிடம் இருந்தது ஒற்றைப் பிளேட். பிரிந்த வகையை இப்போது வாங்கச் சொல்லியாகிவிட்டது. எனக்கு இதுதான் பெரிய நிம்மதி.

பவர் குறைந்தால் இனி முதலில் பிளேட், கேபிள், அப்புறம்தான் செட்டிங். ஸ்பிரிட் கலந்த மருந்து தடவினால் குறைந்தது 3 நிமிடம் காயவிடுகிறோம், தீப்பிடிக்கும் என்பதால்.

ஒட்டிய பிளேட்டை எடுத்து வேறு இடத்தில் ஒட்டலாமா என்றால், கூடாது. புதிதுதான் போட வேண்டும்.