ரயிலில் வரைந்த முகம் வீட்டில் திருத்தியதும் வேறு ஆளாகிவிடுவது ஏன்?

ரயில்பயணி (கேள்வி):
மின்சார ரயிலில் எதிரே அமர்ந்திருப்பவரை, அவர் இறங்குவதற்குள், 2பி பென்சிலால் வரைவது என் வழக்கம். அளவுகள் பிசகினாலும் ஜாடை எப்படியோ விழுந்துவிடுகிறது. அதே படத்தை வீட்டில் அழிப்பானோடு உட்கார்ந்து, இமையைத் திருத்தி, கன்னத்து நிழலை விரலால் தேய்த்து முடிக்கும்போது, மூக்கும் வாயும் சரியாக இருந்தும் ஆள் வேறொருவராகிவிடுகிறார். திருத்தவே கூடாதா?

கரிவிரல்:
தேய்ப்பதை முதலில் நிறுத்துங்கள். தேய்க்கத் தேய்க்க கிராஃபைட் தாளின் சொரசொரப்பை அடைத்துவிடுவதால், அதன்மேல் புதிய கோடு பிடிக்காது. கறுப்பு வேண்டிய இடத்தில் பளபளப்புத்தான் மிஞ்சும். மேலும், வேகமாக இழுத்த கோட்டில் அழுத்தம் ஏறி இறங்கியதுதான் தாடை எங்கே திரும்புகிறது என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நீங்களே அழித்துவிடுகிறீர்கள்.

பழையதாள்:
அழிப்பானைக் குறை சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. 1815இல் நெப்போலியன் வீழ்ந்தபின், ரோமில் வருமானமின்றித் தவித்த பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர், அங்கு வந்த பயணிகளைப் பென்சிலால் வரைந்தே பிழைத்தார். காலையில் ஒன்றரை மணி நேரம், பிற்பகலில் இரண்டரை மணி நேரம். மறுநாள் அதைத் தொடுவது அரிது. இடையில் அந்த ஆளோடு அமர்ந்து உணவருந்துவார். தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்பதை மறந்து அவர் சாப்பிடும் அந்த நேரத்தில்தான் முகத்தின் இயல்பு தமக்குப் பிடிபட்டது என்று தம் மாணவரிடம் அவர் சொல்லியிருக்கிறார். 1819இல் அவர் வரைந்த வயலின் கலைஞர் பகனினியின் படத்தைப் பாருங்கள்: முகம் நுணுக்கமாக முடிந்திருக்கும், உடையோ சில கோடுகளோடு நின்றிருக்கும். ஆகவே உங்கள் படத்தின் உயிர் கைவேகத்தில் இல்லை, ஆளைப் பார்த்துக்கொண்டே வரைந்ததில் இருக்கிறது. வீட்டில் நீங்கள் பார்ப்பது ஆளை அல்ல, தாளை.

கரிவிரல்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆங்க்ருக்கு ஆள் நான்கு மணி நேரம் கிடைத்தார். இவருடைய ஆள் தாம்பரத்தில் இறங்கிவிடுவார். எனவே ரயில் படத்தைத் தொடாமல் வைத்துவிட்டு, வேறொரு தாளில் நினைவிலிருந்து வரையட்டும். நினைவில் நிற்காத பகுதியை நிரப்பவும் வேண்டாம்.

ரயில்பயணி:
நேற்றிரவு அப்படியே செய்து பார்த்தேன். பூக்கூடையோடு தூங்கிக்கொண்டிருந்த அம்மாளின் தலைச்சாய்வும் அரைத்திறப்பாக நின்ற உதடும் மூன்று நிமிடத்தில் வந்துவிட்டன. காது எப்படி இருந்தது என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.