மறக்க முடியாத பக் (பிழை), மறக்க முடியாத ஆள்: உங்கள் ஓப்பன் சோர்ஸ் அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள்

சேலம் சிஸ்அட்மின்

முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ஸெட் விவகாரம்தான். எக்ஸ்ஸெட் (xz) என்பது லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் ஒரு ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரலை யாரும் பார்க்கத் திறந்துவைத்த, மென்பொருள். அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாகப் புகுவதற்கு யாரோ ஒரு பின்வாசலை ஒளித்து வைத்துவிட்டார்கள்.

2024 மார்ச் 29, புனித வெள்ளி. இரவுச் சாப்பாடு முடித்து மொபைலை எடுத்தால், தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே மடலின் சுட்டியைத்தான் அனுப்பியிருந்தார்கள். அந்தப் பின்வாசலைக் கண்டுபிடித்த பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் எழுதிய மடல். என் லேப்டாப்பில் டெபியன் லினக்ஸின் சோதனைப் பதிப்பான டெபியன் டெஸ்டிங். டெர்மினலைத் திறந்து எக்ஸ்ஸெட்டின் பதிப்பு எண்ணைக் கேட்டேன். 5.6.1 என்று வந்தது. வயிற்றைக் கலக்கிவிட்டது. அலுவலக சர்வர்கள் டெபியன் 12, அதில் 5.4.1தான் என்பதால் தப்பித்தோம். லேப்டாப்பை முழுசாக அழித்து மறுபடி நிறுவி, எஸ்எஸ்எச் சாவிகளை எல்லாம் மாற்றி முடிக்கும்போது விடிந்துவிட்டது.

உறுத்துவது அது இல்லை. காலையில் மேலாளர் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "இந்த எக்ஸ்ஸெட் கம்பெனிக்கு நாம் சப்போர்ட் பணம் கட்டுகிறோமா? அவங்க நம்பரை அனுப்புங்க." பதில் எழுதுவதற்காகப் பழைய மடல்களைத் தேடினேன். எக்ஸ்ஸெட்டைப் பராமரித்துவந்த லாசே காலின் 2022 ஜூனில் எழுதியது கிடைத்தது. யாரோ சிலர் திடீரென்று முளைத்து, "ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் ஒப்படை" என்று அவரை விரட்டுகிறார்கள். தனக்கு நீண்ட நாளாக மனநலச் சிக்கல்கள் இருப்பதையும், இது சம்பளமில்லாமல் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்பதையும் அவர் பொறுமையாக எழுதியிருக்கிறார். விரட்டியவர்கள் அப்புறம் காணாமல் போய்விட்டார்கள். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஆள் பராமரிப்பாளராக உள்ளே உட்கார்ந்துவிட்டார், பின்வாசலை வைத்தது அந்தப் பெயர்தான். ஒரு ஜன்னலில் அந்த மடல், பக்கத்து ஜன்னலில் "அவங்க நம்பரை அனுப்புங்க". இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பதில் எழுதுவது என்று வெகுநேரம் தெரியவில்லை.

லாக் வாசிப்பவன்

சேலம் நண்பருக்கு இரண்டு விஷயம். ஒன்று, பதிப்பு எண் பார்க்க எக்ஸ்ஸெட்டையே ஓட்டினீர்களா, டெபியனின் பேக்கேஜ் மேலாளரான டிபிகேஜியில் பார்த்தீர்களா? அந்தப் பின்வாசல் எஸ்எஸ்எச்டி (எஸ்எஸ்எச் சர்வர்) என்ற பெயரில் ஓடும்போதுதான் விழித்துக்கொள்ளும், அதனால் எக்ஸ்ஸெட்டை ஓட்டியதில் ஆபத்து இல்லை. ஆனால் அன்று இரவு அது யாருக்கும் தெரியாது. சந்தேகப்படும் பைனரியிடமே போய் "நீ யார்" என்று கேட்கக் கூடாது. பேக்கேஜ் மேலாளரிடம் கேளுங்கள்.

இரண்டு, உங்கள் மேலாளரைக் குறைவாக நினைக்காதீர்கள். யாரிடம் கேட்பது என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. பணம் கட்டினால் பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் தவறு. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

2021 டிசம்பர், லாக்ஃபோர்ஜே (Log4j) வாரம். ஜாவா செயலிகள் லாக் (பதிவு) எழுதப் பயன்படுத்தும் அந்த ஓப்பன் சோர்ஸ் நூலகத்தில், ஒரு வரியை லாகில் எழுதவைத்தாலே சர்வரைக் கைப்பற்றலாம் என்ற ஓட்டை வெளியானது. எங்கள் ஜாவா செயலிகளில் எந்த இடத்தில் அது இருக்கிறது என்று வெள்ளிக்கிழமை இரவுக்குள் கண்டுபிடித்து, 2.15 போட்டு, அப்புறம் 2.16, அப்புறம் 2.17. திரும்பத் திரும்ப மாற்ற வேண்டியிருந்தது, ஆனால் ஒவ்வொரு முறையும் எதை மாற்றுகிறோம், ஏன் மாற்றுகிறோம் என்று தெரிந்தது. அந்தத் தன்னார்வலர்கள் தூக்கமில்லாமல் வெளியிட்டார்கள். அவர்களை உலகமே திட்டியது தனிக் கொடுமை.

நாங்கள் வருடாவருடம் பெரிய தொகை கட்டும், உள்ளிருக்கும் நிரலைப் பார்க்க முடியாத ஒரு மூடிய பெட்டியும் இருந்தது. பெயர் வேண்டாம். அதற்குள்ளேயும் ஜாவா ஓடுகிறது என்பது தெரியும். லாக்ஃபோர்ஜே இருக்கிறதா? சப்போர்ட் எண்ணில் கூப்பிட்டால் "ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது" என்ற ஒரே வரி. அதே நேரம் முன்னால் இருந்த வெப் சர்வரின் லாகை டெயில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிரவுசரின் பெயர் (யூசர் ஏஜென்ட்) இருக்க வேண்டிய இடத்தில், டாலர் குறி, நெளி அடைப்பு, ஜேஎன்டிஐ, எல்டாப், பின்னால் தெரியாத ஒரு ஐபி. அந்த ஓட்டையைத் தாக்கும் வரி. அந்த வரி அப்படியே பெட்டியை நோக்கிப் போகிறது. உள்ளே போனதும் என்ன ஆகிறது என்று பார்க்க எனக்கு வழியே இல்லை. திறந்து பார்த்தால் ஒப்பந்தம் செல்லாது. கடைசியில் கேபிளைப் பிடுங்கச் சொன்னேன். பிடுங்கினார்கள். சில கிளைகளில் அன்று வேலை நின்றது, திட்டு வாங்கினேன். இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

எழுத்தெண்ணி

எல்லாரும் பாதுகாப்பு பற்றியே பேசுகிறீர்கள். என்னுடையது சின்ன விஷயம், ஆனால் நல்ல விஷயம்.

அடையாள அட்டை அச்சடிக்கும் ஒரு செயலி. பெயர் நீளமானால் வெட்டுவதற்கு ஒரு ஓப்பன் சோர்ஸ் நூலகத்தைப் பயன்படுத்தினோம். ஒரு பையனின் அட்டை "கார்த்திக" என்று வந்தது. கடைசிப் புள்ளியைக் காணோம். அவன் அம்மா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "என் பிள்ளை பேரையே பாதியில விட்டுட்டீங்களே" என்றார். கார்த்திக் என்பது நமக்கு 5 எழுத்து. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 10 குறியீடு: க, கால், ர, புள்ளி, த, புள்ளி, த, இகரக் குறி, க, புள்ளி. நூலகம் 9ல் வெட்டியிருக்கிறது. அந்தக் குறியீடுகளைச் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் 30 பைட், அதில் கணக்குப் போட்டு வெட்டியிருந்தால் இன்னும் மோசமாக, கட்டம் கட்டமாக வந்திருக்கும்.

அந்த நூலகத்தில் இஷ்யூ (குறை அறிக்கை) போட்டேன். பராமரிப்பவர் ஐரோப்பாவில் எங்கோ இருக்கிறார், தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. நம்மூரில் ஒரு மென்பொருள் விற்பனையாளரிடம் இதே குறையைச் சொன்னபோது, "ஆங்கிலத்திலேயே அச்சடித்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. இவரோ, "உங்கள் கண்ணுக்கு எங்கே வெட்டினால் சரியாகத் தெரியும், படம் வரைந்து அனுப்ப முடியுமா" என்று கேட்டார். தாளில் பேனாவால் எழுதி, எழுத்துக்கு எழுத்து கோடு போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினேன். கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிவதைப் பிரிக்காத கிராஃபீம் கிளஸ்டர் விதிப்படி வெட்டுமாறு மாற்றினார். அதற்குப் பிறகும் க்ஷ இரண்டாகத்தான் பிரிந்தது, ஏனென்றால் யூனிகோடின் பொது விதியே அப்படி. அதற்குத் தனியாக ஒரு விதிவிலக்கு எழுதினோம். மாற்றம் உள்ளே போனபோது சோதனைக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அவர் எழுதிய முதல் சோதனையின் உள்ளீடு "கார்த்திக்".

சேலம் அண்ணா, உங்கள் மேலாளருக்கு நீங்கள் எழுதியிருக்க வேண்டிய பதில் இதுதான் என்று நினைக்கிறேன். நம்பர் இல்லை, ஆள் இருக்கிறார். அவரிடம் மரியாதையாகப் பேசினால் பதில் வரும்.

கம்பிவேலை

தலைப்பில் ஓப்பன் சோர்ஸ் என்று இருந்தாலும் நெட்வொர்க் கதையும் இங்கே சேரும். கண்டுபிடித்துக் கொடுத்தது, நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் ஓப்பன் சோர்ஸ் கருவியான டிசிபிடம்ப்தான்.

கிளை அலுவலகம் ஒன்று. பிங் போகிறது. டிஎன்எஸ் வேலை செய்கிறது. சின்னப் பக்கங்கள் திறக்கின்றன. பெரிய பக்கம் பாதியில் நிற்கிறது. எஸ்எஸ்எச் போட்டால் இணைப்பு கிடைக்கிறது, பிறகு சாவிப் பரிமாற்றப் பதிலுக்கு (கெக்ஸ் ஈசிடிஎச் ரிப்ளை) காத்திருப்பதாகச் சொல்லி அப்படியே உறைந்துவிடுகிறது. விலை கொடுத்து வாங்கிய கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை. சேவை வழங்குநர் "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்கிறார். டிசிபிடம்ப் போட்டேன். ஒரே சீக்வன்ஸ் எண், ஒரே நீளம், மறுபடி, மறுபடி, இடைவெளி மட்டும் கூடிக்கொண்டே போகிறது. எதிர்முனை அதைப் பார்க்கவே இல்லை. அந்தத் திரையைப் போட்டோ எடுத்து இன்னும் வைத்திருக்கிறேன்.

புரிந்திருக்கும், எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. நடுவில் பிபிபிஓஇ (சேவை வழங்குநரோடு இணையும் முறை, பாக்கெட்டில் 8 பைட் எடுத்துக்கொள்ளும்), அதனால் 1500 இல்லை, 1492. "பாக்கெட் பெரிசு, சின்னதாக்கு" என்று சொல்லும் ஐசிஎம்பி (நெட்வொர்க் அறிவிப்பு) செய்தியை யாரோ பாதுகாப்பு என்ற பெயரில் ஃபயர்வாலில் மொத்தமாக அடைத்துவைத்திருந்தார்கள். கடிதம் திரும்பி வந்தாலும் வீட்டில் சேர்க்காதே என்று தபால்காரரிடம் சொல்லிவைத்த மாதிரி.

இதைப் படிக்கும் யாருக்காவது இதே நிலை வந்தால் இப்படிச் செய்யுங்கள். பிங்கில் துண்டாக்காதே என்ற கொடியைப் போட்டு 1472 பைட் அனுப்புங்கள். ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 சேர்ந்தால் 1500. அது போகாமல் 1464 போனால் பிபிபிஓஇ என்று கிட்டத்தட்ட உறுதி. இன்னும் கீழே இறங்கினால்தான் போகிறது என்றால் நடுவில் விபிஎன் சுரங்கம் ஏதோ இருக்கிறது, அதன் தலைப்புக்கும் இடம் விட வேண்டும். சரியான மருந்து, ஐசிஎம்பியில் அந்தச் செய்தியைத் திறந்துவிடுவது. ஃபயர்வால் உங்கள் கையில் இல்லையென்றால் ரவுட்டரில் எம்எஸ்எஸ் கிளாம்ப் (ஒரு டிசிபி பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவைக் குறைப்பது) போடுங்கள், லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் ஒரே வரி. ஆனால் அது டிசிபிக்கு மட்டும்தான் உதவும், யுடிபியில் ஓடும் க்விக் (QUIC) நெறிமுறைக்கு உதவாது. ஐபிவி6 என்றால் இன்னும் கவனம், ஏனென்றால் அங்கே நடுவழி ரவுட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்கவே மாட்டா. ஐசிஎம்பிவி6ஐ மொத்தமாக அடைப்பவர் நெட்வொர்க்கையே அடைக்கிறார். பிங் பதில் வராவிட்டால் சர்வர் பாதுகாப்பாகிவிட்டது என்று நினைப்பதை நம் ஆட்கள் தயவுசெய்து விட வேண்டும்.

லாக் வாசிப்பவன் சார், நீங்கள் சொன்ன அந்த மூடிய பெட்டியிலும் டிசிபிடம்ப் கிடைக்காது, கவனித்தீர்களா? எனக்கு அதுதான் பெரிய குறை.

சேலம் சிஸ்அட்மின்

லாக் வாசிப்பவன், டிபிகேஜியில்தான் பார்த்தேன். ஆனால் உங்கள் வாதத்தில் ஒரு இடம் இடிக்கிறது. திறந்திருந்ததால் நமக்குத் தெரிந்தது என்கிறீர்கள். எக்ஸ்ஸெட்டில் பின்வாசலை இயக்கும் வரி, எல்லாரும் நிரலைப் பார்க்கும் ஜிட் களஞ்சியத்தில் இல்லவே இல்லை, பதிவிறக்கத் தரும் வெளியீட்டு டார் கோப்பில் மட்டும் இருந்தது. மீதி சோதனைக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. நிரலை உட்கார்ந்து வாசித்து யாரும் பிடிக்கவில்லை. ஃப்ராய்ண்ட் போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்துக்கு வேக அளவீடு எடுத்துக்கொண்டிருந்தார், எஸ்எஸ்எச் உள்நுழைவு 0.3 விநாடியிலிருந்து 0.8 ஆனதைப் பார்த்தார், அந்த அரை விநாடியை விட மனசில்லை. திறந்திருந்தது அவருக்கு உதவியது, சரி. அவர் மாதிரி ஒருவர் அன்று அளவெடுக்காமல் இருந்திருந்தால்?

லாக் வாசிப்பவன்

மூடிய பெட்டியாக இருந்தால் அந்த அரை விநாடியை "புதிய பதிப்பு கொஞ்சம் மெதுவாக இருக்கும்" என்று சொல்லி டிக்கெட்டை மூடியிருப்பார்கள். என் வாதம் அவ்வளவுதான். பார்க்க முடிகிற இடத்தில்தான் பிடிவாதக்காரர் ஒருவர் ஜெயிக்க முடியும்.

பாமினி மாற்றி

நான் மறுபக்கம் இருப்பவன். பழைய தமிழ் எழுத்துக் குறியீடுகளான திஸ்கி, பாமினியில் உள்ள கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு சின்ன பைத்தான் நூலகத்தைப் பராமரிக்கிறேன். அச்சகங்கள், பழைய பத்திரிகைக் கோப்பு வைத்திருப்பவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

2020 அக்டோபர். ஓப்பன் சோர்ஸ் நிரல்களுக்கு நான்கு புல் ரிக்வெஸ்ட் (மாற்றக் கோரிக்கை) போட்டால் டிஷர்ட் தந்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் சமயம். யூடியூபில் எப்படி எளிதாகப் போடுவது என்று ஒரு வீடியோ பரவியது, உலகம் முழுக்கப் பராமரிப்பாளர்கள் மூழ்கிப்போனார்கள். என் ரீட்மீ (அறிமுக) கோப்பில் "நூலகம்" என்பதற்கு முன்னால் "அற்புதமான" என்று சேர்த்து ஒன்று. ஒரு காலி வரியை நீக்கி ஒன்று. தன் பெயரை மட்டும் சேர்த்து ஒன்று. ஸ்பேம் என்று குறியிட்டு மூடிக்கொண்டே வந்தேன். அப்போதைய விதியே அதுதான், அப்படிக் குறியிட்டால் டிஷர்ட் கணக்கில் வராது.

ஒரு பையன் மட்டும் மெயில் அனுப்பினான். "அண்ணா, காலேஜ்ல எல்லாரும் போடணும்னு சொன்னாங்க, இன்டர்னல் மார்க் இருக்கு. நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லுங்க, மாத்திக்கறேன்." நான் பதில் எழுதினேன், ஒரு நிஜமான பக்கையும் காட்டினேன். பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் வரும், யூனிகோடில் பின்னால் வரும், அதை இடம் மாற்றுகிற இடத்தில் ஒரு தவறு. அவன் திரும்ப எழுதவே இல்லை. அவன் மீது கோபமில்லை. அவனை அப்படி அனுப்பிவைத்தவர்கள் மீதுதான்.

வகுப்பறை

பாமினி மாற்றி ஐயாவுக்கு, நான் கணினித் துறை ஆசிரியை. "அனுப்பிவைத்தவர்கள்" என்று எங்கள் எல்லாரையும் சேர்த்து அடித்துவிட்டீர்கள். வேலைவாய்ப்புப் பிரிவு கேட்கிறது, நிறுவனங்கள் ரெஸ்யூமேயில் கிட்ஹப் சுட்டி கேட்கின்றன, பிள்ளைகள் பயந்துபோகிறார்கள். ஒரு ஆசிரியரால் அதை முழுக்க நிறுத்த முடியாது.

ஆனால் திருப்பிவிட முடியும், நான் அப்படித்தான் செய்கிறேன். என் வகுப்பில் புல் ரிக்வெஸ்டுக்கு மதிப்பெண் கிடையாது. ஏற்கெனவே திறந்திருக்கும் ஒரு இஷ்யூவை எடுத்து, தன் கணினியில் அதே பிழையை வரவழைத்து, என்ன பதிப்பு, என்ன உள்ளீடு, என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று எனக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். உருப்படியாக இருந்தால் மட்டும் பராமரிப்பவருக்குப் போகும். பாதிப் பேர் முதல் முயற்சியில் பிழையை வரவழைக்கவே திணறுவார்கள். கற்றல் அங்கேதான் நடக்கிறது. மற்ற ஆசிரியர்களும் இப்படிச் செய்தால் உங்களைப் போன்றவர்களுக்குக் குப்பை சேராது. அந்தக் கொம்பு பக் இன்னும் திறந்திருக்கிறதா? இருந்தால் சுட்டி கொடுங்கள், இந்தப் பருவத்தில் நான்கைந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்குக் கொடுக்கிறேன்.

பாமினி மாற்றி

பொதுவாகச் சொல்லவில்லை அம்மா, உங்களைப் போல ஒருவர் அங்கே இருந்திருந்தால் அந்தப் பையனும் தங்கியிருப்பான். கொம்பை நானே சரிசெய்துவிட்டேன். ஔ எழுத்தின் பிற்பகுதியும் ளகரமும் குழம்புகிற பிரச்சினை இன்னும் இருக்கிறது, அது நல்ல பயிற்சி. சுட்டி அனுப்புகிறேன்.

ஈரோடு ஃபைபர்

கம்பிவேலை அண்ணா, எங்கள் கடையிலும் இதே கதை, பில்லிங் தளம் மட்டும் திறக்காது. 1472 போகவில்லை, 1464 போகிறது. ரவுட்டரில் எம்எஸ்எஸ் எண்ணைக் கையால் போடச் சொல்கிறது. எவ்வளவு போடுவது?

கம்பிவேலை

1452 போடுங்கள் தம்பி. 1492லிருந்து ஐபிக்கு 20, டிசிபிக்கு 20. ஐபிவி6க்குத் தனிப் பெட்டி இருந்தால் அதில் 1432. மாற்றியதும் பழைய இணைப்புகள் பழைய அளவிலேயே ஓடும், பிரவுசரை மூடித் திறந்து பாருங்கள். சரியாகிவிட்டாலும் ஃபயர்வாலில் ஐசிஎம்பியை அடைத்தது யார் என்று கேட்டு, அதையும் திறக்கச் சொல்லுங்கள்.