புதுப்பிப்பு: பாலத்துப் போர்ட்டல் இப்போது பாலத்துக்கே வருகிறது

போன வாரம் கேட்டிருந்தேன்: மைன்கிராஃப்ட் (ஜாவா பதிப்பு) என்ற கணினி விளையாட்டில் நானும் தம்பியும் எங்கள் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தைக் கட்டுகிறோம். அங்கே தெமோதர ஒன்பது வளைவுப் பாலத்தடியில் உள்ள போர்ட்டல் (உலகம் மாறும் வாசல்) வழியாக நெதருக்குள், அதாவது விளையாட்டின் பாதாள உலகத்துக்குள், நுழைந்தால், திரும்பும்போது கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் உள்ள வாசலில் வந்து நிற்கிறோமே, ஏன் என்று.

காரணம் தூரம்தான். நெதரில் ஒரு கட்டம் நகர்ந்தால் வெளியே 8 கட்டம். இடத்தைக் காட்டும் எண்களில் மடுவம் எக்ஸ் 400, பாலம் எக்ஸ் 480, இரண்டுக்கும் இசட் 160. எக்ஸை எட்டால் வகுத்தால் நெதரில் 50, 60. வெறும் 10 கட்டம்! உள்ளே போகும்போது விளையாட்டு 16 கட்டச் சுற்றுக்குள் பழைய வாசல் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் புதிதாகக் கட்டாது. அதனால் பாலமும் நெதரில் இருந்த மடுவத்தின் வாசலையே பிடித்துக்கொண்டது.

சரி, நேற்று இரவு மழையில் கரண்ட் போவதற்குள் வாசல் கட்டும் கருங்கல்லான அப்சிடியன் 10 எடுத்துக்கொண்டு நெதரில் எக்ஸ் 60, இசட் 20இல் நாங்களே வாசல் சட்டம் கட்டினோம். மூலைக்கல் தேவையில்லை. உயரத்தை மட்டும் வகுக்காதீர்கள், அது அப்படியே கணக்கில் வரும். பற்றவைத்ததும் ஊதாத்திரை சுழன்றது. தம்பிதான் முதலில் குதித்தான். வெளியே வந்தால் தலைக்கு மேலே பாலத்தின் வளைவு!

என் கேள்விக்கு எட்டால் வகுக்கச் சொன்ன அண்ணனுக்கு மிக்க நன்றி. அடுத்தது நானுஓயா ஸ்டேஷன்.