மார்க் ஹாமிலின் ஜோக்கர்: தொடரில் பேசியது பெரிதா, ஆர்காம் ஆட்டங்களில் பேசியதா?

கோத்தம்வாசி:

அமெரிக்க நடிகர் மார்க் ஹாமில் 1992-இல் ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரீஸ்’ கார்ட்டூன் தொடரில் பேட்மேனின் எதிரி ஜோக்கராகப் பேச ஆரம்பித்தார். 2009-இல் அதே வேடத்தை ‘ஆர்காம் அசைலம்’ என்ற வீடியோ கேம் ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். பிறகு 2011-இல் ‘ஆர்காம் சிட்டி’, 2015-இல் ‘ஆர்காம் நைட்’. இதில் எது காலத்துக்கும் நிற்கும் என்பதுதான் கேள்வி. என் கட்சி: தொடர்தான். ஆட்டங்களில் நாம் கேட்பது, 1992-இல் கட்டிக் குடிபுகுந்த வீட்டுக்குப் பிற்பாடு அடித்த வெள்ளை.

குரல் வேடங்களை மட்டும் பேசுவோம். ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் லூக் ஸ்கைவாக்கர் வேண்டாம். ‘விங் கமாண்டர் 3’-உம் வேண்டாம். 4 குறுந்தகடுகளில் வந்த ஆட்டம்தான், ஆனால் அதில் அவர் கேமரா முன்னால் நின்று நடித்திருக்கிறார்.

நான் தொடரைச் சொல்லக் காரணம் பதிவு செய்த விதம். குரல் இயக்குநர் ஆண்ட்ரியா ரொமானோ, முடிந்தவரை எல்லா நடிகர்களையும் ஒரே அறையில் கூட்டி, ஆளுக்கொரு மைக் கொடுத்து, வானொலி நாடகம் போலச் சேர்த்துப் பேச வைத்தார். கெவின் கான்ராயின் பேட்மேன் அடித்தொண்டையில் இறக்கி வைக்கும் சுருதியிலிருந்துதான் ஹாமில் மேலே எழும்புகிறார். எதிராளியின் குரல் காதில் விழுந்துகொண்டிருந்தால்தான் அது வரும்.

‘தி மேன் ஹூ கில்டு பேட்மேன்’ பாகத்தைக் கேளுங்கள். பேட்மேன் செத்துவிட்டான் என்று நம்பி ஜோக்கர் இரங்கல் கூட்டம் நடத்துகிறான். கொன்றதாகச் சொல்லப்படும் சிட் என்ற சில்லறைத் திருடனைச் சவப்பெட்டியில் அடைத்து அமிலத் தொட்டிக்கு அனுப்புகிறான். பேச்சு உருக்கமாகத் தொடங்குகிறது. அந்தத் துக்கம் நிஜம். நடுவில் கோபம் ஏறுகிறது, மறுபடி தழுதழுக்கிறது. ஜோக்கரின் கூட்டாளி ஹார்லி ஊதுகுழலில் ‘அமேஸிங் கிரேஸ்’ வாசிக்கிறாள். பெட்டி இறங்கியதும் ஒரு மௌனம். பிறகு சட்டென்று குரல் வெளுத்து, சைனீஸ் சாப்பிட யார் வருகிறீர்கள் என்று கேட்கிறான். அழுகைக்கும் அந்தக் கேள்விக்கும் நடுவில் ஒரே ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சுக்காகவே என் ஓட்டு தொடருக்கு.

பொத்தான்விரல்:

வெள்ளையடித்தது என்பதை ஏற்க மாட்டேன் நண்பரே. ஆட்டத்துக்குக் குரல் கொடுப்பது வேறு வேலை. அதிலும் கடினமான வேலை.

எதிரே ஆள் கிடையாது. வசனம் அட்டவணையில், ஒரு கட்டத்துக்கு ஒரு வரியாக வரும். கதை வரிசையில் வராது. காலையில் க்ளைமாக்ஸ், சாயங்காலம் முதல் காட்சி என்றுகூட இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எதை எங்கே ஒட்டுவார்கள் என்று பேசுகிறவருக்கே தெரியாது.

அதைவிடப் பெரிய சிக்கல், திரும்பத் திரும்பக் கேட்பது. ‘அசைலம்’ ஆட்டத்தில் நீங்கள் விழுந்து செத்தால் ஜோக்கர் திரைக்குள் குனிந்து கேலி பேசுவான். ஒரே சண்டையில் பத்து முறை செத்தால் பத்து முறை அந்தக் கேலியைக் கேட்க வேண்டும். தொடரில் ஒரு வரி ஒரு தடவை ஓடிப் போய்விடும். ஆட்டத்தில் பத்தாவது தடவையும் புளிக்காமல் இருக்க வேண்டும். ஹாமில் ஒவ்வொரு கேலியையும் கடைசிச் சொல்லில் வேறு மாதிரி வளைத்து முடிக்கிறார். ஒன்றில் சிரிப்பு முன்னால் வரும், இன்னொன்றில் சொல்லுக்குள்ளேயே கரையும். அதனால்தான் அலுப்பதில்லை.

எழுத்து தாங்கியது என்று யாரும் சொல்ல வேண்டாம். தொடரின் எழுத்தாளர் பால் டினிதான் ‘அசைலம்’, ‘சிட்டி’ இரண்டுக்கும் எழுதினார். ‘சிட்டி’ ஜோக்கருக்காக 2012-இல் ஹாமிலுக்கு பாஃப்டா என்ற பிரிட்டிஷ் அகாடமியின் ஆட்ட விருதில் சிறந்த நடிப்புக்கான பரிசும் கிடைத்தது.

ஒலிக்கூடம்:

இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். தொடரின் ஆரம்பப் பாகங்கள் சிலவற்றில் ஹாமில் யாரோடும் சேர்ந்து பேசவில்லை. ஜோக்கருக்கு முதலில் குரல் கொடுத்தவர் டிம் கரி. அவர் குரலுக்கு ஏற்பப் படமும் வரைந்தாகிவிட்டது. அதன் பிறகுதான் ஹாமில் வந்து, கரியின் வாயசைவுக்குத் தன் குரலைப் பொருத்தினார். கோத்தம்வாசி சொல்லும் ‘ஒரே அறை’ அந்தப் பாகங்களுக்குச் செல்லாது.

அமெரிக்க அனிமேஷனில் வழக்கமாகக் குரல் முதலில், படம் பிறகு. குரலை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பிரித்து, எந்த ஃப்ரேமில் உதடு மூடுகிறது, எதில் திறக்கிறது என்று தாளில் குறித்து ஓவியருக்குக் கொடுப்பார்கள். நடிகர் ஒரு சொல்லை இழுத்தால் ஓவியரும் இழுப்பார். தாளம் நடிகர் கையில். டப்பிங்கில் தலைகீழ். காதில் மூன்று பீப் கேட்கும், நான்காவது விழ வேண்டிய இடத்தில் வாயைத் திறக்க வேண்டும். படம் மூடும்போது வாயையும் மூட வேண்டும். ‘ப’, ‘ம’ மாதிரி உதடு ஒட்டும் எழுத்து ஒரு ஃப்ரேம் தவறினாலும் கண் பிடித்துவிடும். இந்தக் கட்டுக்குள்ளும் ஹாமில் அந்தச் சிரிப்பை நுழைத்திருக்கிறார். அதைக் கணக்கில் எடுங்கள்.

ஆட்டத்துக்காரர்களுக்கும் ஒன்று. ‘அசைலம்’ ஆட்டத்தில் பெரும்பகுதி ஜோக்கர் ஒலிபெருக்கியிலும் தொலைக்காட்சித் திரையிலும் வருகிறான். அந்த மாதிரி ஒலிக்கு அடியையும் உச்சியையும் வெட்டிவிடுவார்கள். தொலைபேசிக் குரல் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான், அதற்குப் பக்கத்தில் வரும். சிரிப்பின் கூர்மை இந்த நடுப்பகுதியில் இருப்பதால் தப்பிக்கிறது. ஹாமிலின் நெஞ்சுக்குரல், அந்த உறுமல், போய்விடும். அவரை முழுசாகக் கேட்க வேண்டுமானால் ஆட்டத்தின் தொடக்கம்தான் சரி. படுக்கையோடு கட்டி நிமிர்த்திய ஜோக்கரைத் தள்ளிக்கொண்டு போக, பேட்மேன் பக்கத்தில் நடந்து வரும் காட்சி. அங்கே வடிகட்டல் இல்லை.

கோத்தம்வாசி:

ஒலிக்கூடம் ஜி, டிம் கரி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆரம்பப் பாகங்களையும் சேர்ந்து பேசிய பிற்காலப் பாகங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால் என் வாதம்தான் பலப்படுகிறது. முதலில் குரல் கெட்டியாக, எச்சரிக்கையாக இருக்கிறது. கான்ராயோடும் ஹார்லிக்குக் குரல் கொடுத்த ஆர்லீன் சோர்கினோடும் நேருக்கு நேர் நின்று பேச ஆரம்பித்த பிறகுதான் அவிழ்கிறது. சொல்லப்போனால், கான்ராய் 2022 நவம்பரில் மறைந்த பிறகு, அவர் இல்லாமல் ஜோக்கர் பேச மனமில்லை என்று ஹாமிலே வெளிப்படையாகச் சொன்னார். இணை இல்லாமல் இந்த வேடம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொரு நல்ல பொருத்தம்: 1993-இல் வந்த ‘கேப்ரியல் நைட்’ ஆட்டத்தில் கதாநாயகன் கேப்ரியலுக்குக் குரல் டிம் கரி, போலீஸ் நண்பன் மோஸ்லிக்கு ஹாமில். இரண்டு ஜோக்கர்களும் ஒரே குறுந்தகட்டில்.

நெருப்புதேசம்:

எல்லாரும் ஜோக்கரையே பிடித்துத் தொங்குவதில்தான் எனக்கு ஆட்சேபம். நடிகரின் சிறந்த வேடம் என்றால், அவர் பேசுகிறார் என்பதே தெரியாமல் போக வேண்டும். ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ தொடரில் (2005–2008) நெருப்பு மன்னன் ஒஸாய். முதல் இரண்டு பருவங்களில் முகமே காட்டவில்லை. நிழல், முதுகு, தீக்குப் பின்னால் ஓர் உருவம், அவ்வளவுதான். முகம் தெரிவது மூன்றாம் பருவத்தின் முதல் பாகத்தில். அதுவரை அந்த ஆளைப் பற்றிய பயம் முழுவதும் குரலில்தான் நின்றது.

‘தி ஸ்டார்ம்’ பாகத்தில் பெற்ற மகனையே களத்தில் இறக்கித் தண்டிக்கிறான். ஹாமில் கத்தவில்லை. ஒரு படி கீழே இறங்கிப் பேசுகிறார். சிரிப்பு கிடையாது, ஏற்ற இறக்கம் கிடையாது, வரி முடியும் இடத்தில் மூச்சுகூட வெளியே விடவில்லை. ஜோக்கருக்கு எவையெல்லாம் கருவியோ அவை அனைத்தையும் கீழே வைத்துவிட்டுப் பேசியிருக்கிறார்.

பொத்தான்விரல்:

ஒஸாய் நல்ல வேடம், மறுக்கவில்லை. ஆனால் அடித்தொண்டையில் அதிகாரமாகப் பேசும் வில்லனுக்கு அங்கே நாலு பேர் கிடைப்பார்கள். ஜோக்கருக்கு?

நெருப்புதேசம்:

ஜோக்கருக்கும் கிடைத்தாரே ப்ரோ. 2013-இல் ‘ஆர்காம் ஆரிஜின்ஸ்’ ஆட்டத்தில் டிராய் பேக்கர் பேசினார். ஹாமில் என்றே நினைத்தவர்கள் ஏராளம். இன்னொருவர் பிடித்துக்கொள்ளக்கூடிய குரலைத்தான் நீங்கள் ஈடு இணையில்லாதது என்கிறீர்கள்.

கோத்தம்வாசி:

பேக்கர் பிடித்தது ஹாமில் போட்ட கோலத்தின் புள்ளிகளை. அதே ஏறுமுகம், அதே இடத்தில் உடைவு, சிரிப்புக்கு முன்னால் அதே சின்ன உறிஞ்சல். கதைப்படி அவன் இளம் ஜோக்கர் என்பதால் அப்படித்தான் பேசியாகவும் வேண்டும். நன்றாகச் செய்தார். ஆனால் ஒருவர் வந்து முந்தையவரின் அச்சிலேயே வார்க்க வேண்டிவந்தது என்றால், அச்சு எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்று பாருங்கள்.

மஸ்கா_ரசிகை:

டப்பிங் என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். ஜப்பானிய அனிமேஷன் நிறுவனம் கிப்லியின் 1986 படம் ‘காஸில் இன் த ஸ்கை’. அதன் டிஸ்னி ஆங்கில வடிவில் கர்னல் மஸ்காவுக்குக் குரல் ஹாமில். அங்கே முகம், நேரம், உதடு எல்லாம் ஜப்பானில் முடிவாகிவிட்டன. ஜப்பானிய வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் முன்னால் வந்துவிடும். முகம் உச்சத்துக்குப் போகும் நேரத்தில் ஆங்கில வரி சப்பென்று முடிந்துபோகும் ஆபத்து எப்போதும் உண்டு. ஹாமில் வரியின் பின்பாதியை மெதுவாக்கி, அழுத்தத்தைக் கடைசிச் சொல்லுக்குத் தள்ளுகிறார். மரியாதையான குரல், இஸ்திரி போட்ட மாதிரி. வானத்துக் கோட்டை கைக்கு வந்த பிறகுதான் அந்த மடிப்பு கலைகிறது.

2010-இல் ‘கிங்டம் ஹார்ட்ஸ்: பர்த் பை ஸ்லீப்’ ஆட்டத்தில் வரும் குரு எராகுஸும் இதே வகை. எதிரே ஸெஹனார்ட்டாக லியனர்ட் நிமாய். இரண்டு பேரும் வாயசைவுக்கு அடங்கிப் பேசியும் குருநாதர்களின் கனம் வருகிறது. இவற்றைப் பட்டியலில் சேர்க்காமல் ஜோக்கரா ஜோக்கரா என்று கேட்பது சரியில்லை.

ஒலிக்கூடம்:

மஸ்காவைச் சொன்னது நல்லதாயிற்று. ‘ரெகுலர் ஷோ’ கார்ட்டூன் தொடரில் ஸ்கிப்ஸ் என்ற யெட்டியும் (பனிமனிதன்) ஹாமில்தான். அவ்வளவு நிதானமான குரலை ஜோக்கர் பேசுகிறவரிடம் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

இனி தொண்டை விஷயம். ஜோக்கர் சிரிப்பு பதிவுக்கு மிகக் கஷ்டமானது. முணுமுணுப்பில் ஆரம்பித்து ஒரு நொடிக்குள் அலறலுக்குப் போகும். சாதாரணப் பேச்சுக்கு மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்து ஒலிமட்டத்தைச் சரிசெய்தால், சிரிப்பு வந்ததும் உச்சி வெட்டுப்பட்டு ‘கர்ர்’ என்று உடையும். உடைந்ததை எந்தக் கருவியும் முழுசாகத் திருப்பித் தராது. அதனால் ஒலிமட்டத்தை 10 டெசிபல் தாழ்த்தித் தனியாக இன்னொரு தடத்திலும் பதிவு செய்வது உண்டு. இல்லாவிட்டால் நடிகரே அலறும் நேரம் முகத்தைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். ஹாமில் நின்றுகொண்டு, கை கால் முகம் எல்லாம் ஆட நடித்துப் பேசுகிறவர். பக்கவாட்டில் அதிகம் போனால் ‘ச’, ‘ஸ’ மங்கிவிடும்.

ஆட்டத்தில் இன்னும் மோசம். ஒரு அமர்வு பொதுவாக 4 மணி நேரம். அடிபடும் முனகல், விழும் அலறல், இருமல், நீளச் சிரிப்பு எல்லாவற்றையும் கடைசிக்கு ஒதுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் மிச்ச வசனம் முழுக்க கரகரப்பாகிவிடும். மாதக்கணக்கில் இடைவெளி விட்டு அடுத்த அமர்வுக்கு வரும்போது சுருதி நகர்ந்திருக்கும். பழைய வரி ஒன்றை ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ‘சிட்டி’யில் ஜோக்கர் விஷம் ஏறிச் சாகக் கிடக்கிறான், ஆட்டம் முழுக்க இருமல். அதையும் ஒரே அளவில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்.

பொத்தான்விரல்:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ‘சிட்டி’யின் முடிவு. (விளையாடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டுங்கள்.) மாற்று மருந்துக் குப்பி உடைந்துவிடுகிறது. இவ்வளவு செய்த பிறகும் உன்னைக் காப்பாற்றியிருப்பேன் என்கிறான் பேட்மேன். ஜோக்கர் அதை யோசித்து, இது நிஜமாகவே வேடிக்கைதான் என்கிற பொருளில் ஒரு வரி சொல்லி, சிரிக்கிறான். சிரிப்பு இருமலாகிறது, இருமல் நிற்கிறது. அவ்வளவுதான். அதில் வில்லத்தனம் துளியும் இல்லை. ஒரு நல்ல ஜோக்கைக் கேட்டவன் சிரிக்கும் சிரிப்பு. 1992-லிருந்து கேட்ட அத்தனை சிரிப்பிலும் இந்த ஒன்றில்தான் அவன் யாரையும் பயமுறுத்த நினைக்கவில்லை. தொடரில் இதற்கு இணை காட்டுங்கள்.

‘நைட்’டில் அவன் பேட்மேனின் மூளைக்குள் மட்டும் இருக்கிறான். ஒலிபெருக்கி இல்லை, காதோரம் பேசுகிறான். கடைசியில் எல்லாரும் தன்னை மறந்துவிடுவார்களே என்று கெஞ்சும்போது குரலில் அந்த உலோகமே இல்லை. வயதான குரல் அங்கே பலமாகிறது.

கோத்தம்வாசி:

‘சிட்டி’ முடிவு அருமை, தலை வணங்குகிறேன். ஆனால் அந்தச் சிரிப்பு எதற்குப் பதில்? கான்ராயின் வரிக்கு. காப்பாற்றியிருப்பேன் என்பதை அவர் அவ்வளவு களைப்பாகச் சொன்னதால்தான் இவர் அவ்வளவு மெல்லச் சிரிக்க முடிந்தது. நீங்கள் ஆட்டத்தின் உச்சமாகக் காட்டும் இடமே இரண்டு பேர் சேர்ந்து செய்ததுதான்.

பொத்தான்விரல்:

சேர்ந்து பேசவில்லையே. ஆட்டத்துக்குத் தனித்தனிப் பதிவு. எதிர் வரியை இயக்குநர் படித்துக் காட்டுவார், அல்லது பதிவானதை ஹெட்போனில் ஓட்டுவார்கள். கான்ராய் எதிரே இல்லாமலேயே அந்தப் பதில் வந்ததே, அதுதான் என் கட்சி.

ஒலிக்கூடம்:

ஹெட்போன் போட்டுக்கொண்டு அந்த இடத்தை மறுபடி கேளுங்கள். பேட்மேனின் கடைசிச் சொல்லுக்கும் ஜோக்கர் மூச்சு இழுப்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். தனித்தனிப் பதிவில் அதை வைப்பது எடிட்டர். கால் நொடி குறைத்திருந்தால் கேலியாகியிருக்கும், அரை நொடி கூட்டியிருந்தால் சோகமாகியிருக்கும். இரங்கல் கூட்டத்தில் சைனீஸ் சாப்பாட்டுக்கு முன்னால் வரும் அந்த மௌனத்தையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். அங்கே வாயசைவே குரலைப் பார்த்து வரைந்தது, அதனால் மூச்சின் நீளம் ஹாமில் வைத்ததுதான் என்பது என் கணிப்பு.

கோத்தம்வாசி:

அந்த மூச்சைத்தான் முதல் பதிவிலேயே சொன்னேன்.