பிரெட் தூள் களிமண் மாதிரி அப்பிக்கொள்கிறது, அவசரம்!

அரைகுறை_சமையல்: மிச்சமிருந்த பிரெட்டை மிக்ஸியில் போட்டேன். தூளாகாமல் பிளேடுக்கு அடியில் களிமண் மாதிரி அப்பிக்கொண்டது. மேலே இரண்டு துண்டு அப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது. பழைய பிரெட்தான். சாயங்காலம் ஆட்கள் வருகிறார்கள், கட்லெட் உருட்டி வைத்தாயிற்று. சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

மாடிவீட்டு_மணி: என்ன பிரெட்? எத்தனை நாள்? காயவைத்தீர்களா?

தகரடப்பா: பிளேடு மழுங்கிவிட்டது. ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டு ஒரு சுற்று விடுங்கள், சரியாகிவிடும்.

மாடிவீட்டு_மணி: அண்ணே, போன வாரம் மாவு அரைபடவில்லை என்று ஒருவர் கேட்டபோதும் கல்லுப்புதான் சொன்னீர்கள்.

மூத்த_கரண்டி: மாதம் ஒருமுறை இதே கேள்வி. தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. தம்பி, பிரெட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். உறைக்குள் நாலு நாள் கிடந்தாலும் அதில் பெரும்பங்கு உள்ளேயேதான் இருக்கும். மாவுச்சத்து மறுபடி இறுகுவதால் விறைப்பாகத் தெரியும், அவ்வளவுதான். விறைத்ததைக் காய்ந்தது என்று நினைத்து அரைத்தால் களிதான் வரும்.

அரைகுறை_சமையல்: பால் பிரெட். 4 நாள், பிரிட்ஜில் இருந்தது. கல் மாதிரி இருந்ததால் மைக்ரோவேவில் 1 நிமிடம் சூடாக்கி, உடனே அரைத்தேன். அது முக்கியமா?

மாடிவீட்டு_மணி: அதுதானே முக்கியம்! சூடு பட்டதும் இறுகிய மாவுச்சத்து இளகிப் பிரெட் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். போதாததற்கு ஆவி வேறு மூடிய ஜாருக்குள் அடைந்துகொள்ளும். சரி, அப்பியதைத் தூக்கிப் போடாதீர்கள். கையால் உதிர்த்துத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, ஓவனில் 120 டிகிரியில் 20 நிமிடம் வையுங்கள், நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள். ஓவன் இல்லையென்றால் அடிகனமான வாணலியில் சிறு தீயில் வறுக்கலாம். ஒரு துண்டை எடுத்து உடைத்துப் பாருங்கள். ‘டக்’ என்று முறிய வேண்டும், நடுவில் வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அப்புறம் நன்றாக ஆறவிட்டு, ஜாரில் பாதிக்கு மேல் போடாமல் விட்டு விட்டு அரையுங்கள்.

தகரடப்பா: ஓரத்தை வெட்டினீர்களா? ஓரம் இருந்தால் தூள் கறுத்துப்போகும்.

மூத்த_கரண்டி: ஓரத்தில்தான் ருசியே இருக்கிறது. வெள்ளையாக வேண்டுமென்றால் ஜப்பான்காரர்களின் பாங்கோ பிரெட் தூள் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கான பிரெட்டுக்கு ஓரமே கிடையாது, மாவுக்குள் மின்சாரம் பாய்ச்சி வேகவைப்பார்கள்.

தகரடப்பா: மின்சாரம் பாய்ச்சியா? கதை விடாதீர்கள்.

மூத்த_கரண்டி: தெரியாததெல்லாம் கதை என்றால் நான் என்ன செய்ய?

புதுவரவு_7: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் பிரெட்டில் ஒரு மூலையில் மட்டும் பச்சைப் பூஞ்சை. அதை மட்டும் வெட்டிவிட்டு அரைக்கலாமா?

மாடிவீட்டு_மணி: வேண்டவே வேண்டாம். பிரெட் மெத்தென்று இருப்பதால் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். முழுவதையும் குப்பையில் போட்டுவிடுங்கள்.

தகரடப்பா: சரி, மின்சாரம் உண்மைதான், இப்போதுதான் பார்த்தேன். ஆனால் ஓரம் கறுக்கும் என்று நான் சொன்னதும் உண்மை.

மூத்த_கரண்டி: பால் பிரெட்டில் சர்க்கரை இருக்கிறது. ஓரத்தை வெட்டினாலும் எண்ணெயில் சீக்கிரம் சிவக்கும். தீயைக் குறைக்கச் சொல்லுங்கள், ஓரத்தின் மேல் பழி போடாதீர்கள்.

அரைகுறை_சமையல்: 20 நிமிடம் போதவில்லை, 35 ஆனது. தூளாகிவிட்டது. வாசலில் மணி அடிக்கிறது, வருகிறேன்.

மாடிவீட்டு_மணி: மிச்சத் தூளை டப்பாவில் அடைக்கும் முன் முழுக்க ஆறவிடுங்கள். கட்லெட் எப்படி வந்தது?

மாடிவீட்டு_மணி: ஹலோ?

தகரடப்பா: கல்லுப்பு போட்டாரா என்று யாராவது கேட்டீர்களா?